உப்புநீர்த் தொட்டியே பற்றரி: யாழ்ப்பாணக் கரையோர ஐஸ் ஆலையொன்றின் சூரிய மின் திட்டமிடல்

பின்னணி

யாழ்ப்பாணக் கடனீரேரியை ஒட்டிய ஒரு கிராமத்தில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று சொந்தமாக ஐஸ் ஆலை நடத்துகிறது. நாளொன்றுக்கு 10 டன் வரை பார் ஐஸ் உறைய வைக்கலாம். அமைப்பு பழையது: அமோனியா கொம்பிரசர், அதற்கு 45 கிலோவாட் மோட்டர், உப்புநீர் நிரப்பிய பெரிய தொட்டி, அதற்குள் இறக்கி வைக்கும் தகரக் கான்கள். உப்புநீரை மைனஸ் 11 பாகை வரை குளிரவைத்தால் கானுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் ஒரு நாளுக்குள் கட்டியாகிவிடும். ஒரு டன் ஐசுக்கு ஏறத்தாழ 65 யூனிட் கரண்ட் போகிறது. ஆலையின் செலவில் பெரும் பங்கு இதுதான்.

42 கேவீஏக்கு (வலையமைப்பிலிருந்து ஒரே நேரத்தில் இழுக்கும் மொத்த மின்வலுவின் அளவு) மேல் கேட்கும் தொழிற்சாலை என்பதால் கட்டணம் மூன்று நேரப் பிரிவாக வரும். காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல் விலை, அதிலிருந்து இரவு 10.30 வரை உச்ச விலை, மீதி நேரம் மலிவு விலை. இவற்றுக்கு மேல், மாதத்தில் ஒரு தடவை தொட்ட உச்ச கேவீஏ அளவுக்கும் தனிக் கட்டணம் உண்டு. இந்தக் கடைசி வரியை ஆரம்பத்தில் நாங்கள் கவனிக்கவில்லை. அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் வரிசை. அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியது. ஆலையை மூடிவிட்டு ஐசை வெளியில் வாங்கலாமா என்று நிருவாகசபை பேசத் தொடங்கியது அப்போதுதான்.

2023 நடுப்பகுதியில் ஒரு விற்பனையாளர் விலைமனு கொடுத்தார்: 100 கிலோவாட் சூரியப் பனல், 200 யூனிட் கொள்ளும் பற்றரி. கணக்கு ஒரு பக்கத்துக்கு மேல் இல்லை. ஏன் 200 என்று கேட்டதற்கு, சொஃப்ட்வெயார் அப்படித்தான் சொல்கிறது என்றார். சங்கத்தின் பொருளாளர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். "சொஃப்ட்வெயார் சொல்லுதெண்டால் எனக்கும் ஒருக்காச் சொல்லச் சொல்லுங்கோ" என்று சொல்லிக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அந்தத் தாள் அப்படித்தான் என்னிடம் வந்தது. நான் மின்பொறியியலாளர். என்னோடு இரண்டு மாணவர்கள், ஒரு தம்பியும் ஒரு தங்கச்சியும்.

கருவியைத் தெரிந்தெடுத்தது

பொருளாளரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கணக்கை யாரும் திறந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த வகைச் சிறு அமைப்புகளுக்குப் பலர் பயன்படுத்துவது ஹோமர் என்ற திட்டமிடல் மென்பொருள். அது அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றில் பிறந்து பிறகு வணிக மென்பொருளாகிவிட்டது. நல்ல கருவிதான். ஆனால் அனுமதிக் கட்டணம் கட்ட வேண்டும், உள்ளே நடப்பதும் தெரியாது. திறந்த மூலக் கருவிகளில் ஓஸ்மோசிஸைப் பார்த்தோம். 2011இல் அறிமுகமான அது ஒரு நாட்டின் மின் உற்பத்தியைப் பல பத்தாண்டுகளுக்குத் திட்டமிடவே உருவானது. ஆண்டைச் சில காலத்துண்டுகளாகப் பிரித்துக் கணக்குப் போடும். எங்கள் கேள்வியோ மணிக்கு மணி மாறும் கேள்வி.

கடைசியில் பைப்சாவை எடுத்தோம். ஜெர்மனியின் பிராங்க்பேர்ட்டில் தொடங்கி இப்போது பேர்லினை மையமாகக் கொண்டு வளரும், பைதன் கணினி மொழியில் எழுதிய இலவச நிரல் தொகுப்பு அது. ஐரோப்பா முழுவதன் மின்வலையமைப்பையும் அதில் மாதிரியாக்குகிறார்கள், அதாவது கணினிக் கணக்காக வடிக்கிறார்கள். ஒரு ஐஸ் ஆலைக்கு அது யானையைக் கொண்டு கிணற்றுத் தண்ணீர் இறைப்பது போலத்தான். இருந்தாலும் அதன் கட்டுமானம் எங்களுக்குப் பொருந்தியது. மின்சாரத்துக்கு ஒரு முனை, குளிருக்கு ஒரு முனை, இரண்டையும் இணைக்கும் கொம்பிரசர், குளிர் முனையில் தொங்கும் ஒரு சேமிப்பு. ஐஸ் ஆலையை அப்படியே வரைந்துவிடலாம். மிகக் குறைந்த செலவுள்ள தீர்வைத் தேட எடின்பரோவில் உருவான ஹைஸ் என்ற இலவச நிரல் போதுமாயிருந்தது. தம்பியின் பழைய மடிக்கணினியில் ஓராண்டின் 8760 மணிக் கணக்கும் சில நிமிடத்தில் முடிந்தது.

தரவு: செய்மதியும் கொப்பியும்

வெயிலுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மணிவாரித் தரவை இறக்கினோம். வானிலை மாதிரிகளை வைத்துக் கடந்த காலத்தை மீள உருவாக்கிய தரவு அது. யாழ்ப்பாணத்தில் ஒரு கிலோவாட் பனல் ஆண்டுக்குச் சுமார் 1400 யூனிட் தரும் என்று வந்தது. அயலில் உள்ள கூரைகளின் பில்லோடு ஒப்பிட்டதில் அது நியாயமாகப் பட்டது.

பளைக் காற்றாலைகளைப் பார்த்து வந்த ஓர் உறுப்பினர், எங்களுக்கும் ஒன்று வைத்தால் என்ன என்று கேட்டார். காற்றுத் தரவின் ஒவ்வொரு கட்டமும் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் அகலம். கடலும் கரையும் கடனீரேரியும் ஒரே கட்டத்துக்குள் கலந்து கிடந்தன. சோழகக் (தென்மேற்குப் பருவ) காலத்துக் காற்றை நம்பினாலும், பங்குனி, சித்திரையில் காற்று விழுந்துவிடும் என்பதைத் தொழிலாளர்களே சொன்னார்கள். சிறு காற்றாடியைப் பழுதுபார்க்க ஆளும் இல்லை. அந்த யோசனையை அங்கேயே விட்டோம்.

ஆலையின் பக்கத் தரவுதான் பெரிய தலையிடி. மின்பட்டியலில் இருப்பது மாதக் கணக்கு, எங்களுக்குத் தேவைப்பட்டது மணிக் கணக்கு. அப்போது மெசின் பார்க்கிற அண்ணை ஒரு கட்டுக் கொப்பிகளை எடுத்து வந்தார். மெசின் போட்ட நேரம், நிறுத்திய நேரம், உப்புநீரின் வெப்பநிலை, எடுத்த பார்களின் எண்ணிக்கை எல்லாம் ஆண்டுக்கணக்காக எழுதி வைத்திருந்தார். ஒரு பக்கத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

அதில் எங்களுக்கு அகப்பட்ட பொக்கிஷம் 2022 மின்வெட்டுக் காலம். கரண்ட் போன நேரமும் திரும்பிய நேரமும், இரண்டு நேரத்திலும் தொட்டியின் வெப்பநிலையும் பதிவாகியிருந்தன. மூன்று மணி நேர வெட்டில் உப்புநீர் மைனஸ் 11இலிருந்து சுமார் மைனஸ் 5க்கு ஏறியிருந்தது. ஐந்து மணியைத் தாண்டிய நாட்களில் "நடுவில தண்ணி" என்று பக்கத்தில் எழுதியிருந்தார். அதாவது பாரின் மையம் உறையவில்லை. தொட்டி எவ்வளவு நேரம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும் என்பதற்கு ஒரு ஆய்வுகூடப் பரிசோதனை வேண்டியிருந்தது. நாட்டின் கஷ்டகாலம் அதை அண்ணையின் கையால் ஏற்கெனவே நடத்தி முடித்திருந்தது.

வாரப் போக்கும் கொப்பியில் தெரிந்தது. ஊரில் பெரும்பாலோர் கத்தோலிக்கர், சனி இரவு கடலுக்குப் போவதில்லை. ஞாயிறு ஆலை மூடியிருக்கும். கடல் கொந்தளிக்கும் கார்த்திகை, மார்கழியில் ஐஸ் கேட்பவர்கள் குறைவு. மழைக்கால மேகத்தால் வெயில் குறைவதும் அதே மாதங்களில்தான். தேவையும் வெயிலும் சேர்ந்தே இறங்குவது எங்களுக்கு வசதியாகப் போனது.

முதல் முடிவும் அதிலிருந்த பிழையும்

2023 கார்த்திகையில் முதல் ஓட்டம் முடிந்தது. 40 கிலோவாட் பனல், 120 யூனிட் பற்றரி என்று வந்தது. விற்பனையாளரின் அளவை விடச் சிறியது, ஆனால் பற்றரி வேண்டும் என்றது. நிருவாகசபைக்குப் படங்களோடு காட்டினோம்.

கொம்பிரசர் ஓடும் நேரப் படத்தைப் பார்த்த அண்ணை சிரித்தார். "தம்பி, இரவு ரெண்டு மணிக்கு மெசினை முழுவேகத்தில ஓட்டச் சொல்லுது. நான் நித்திரை கொள்ளுறேல்லையோ?" என்றார். என்னிடம் பதில் தயாராக இருந்தது. இரவு 10.30க்குப் பிறகு மலிவு விலை, அதனால் மாதிரி அந்த நேரத்தைத் தேடிப் போகிறது என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

தங்கச்சிக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. மலிவு நேரம் காலை 5.30க்கு முடிந்த பிறகும் மெசின் குறையாமல் ஓடிக்கொண்டிருந்ததே, அது ஏன் என்பது அவர் கேள்வி. நான் எழுதிய கோப்பை வீட்டில் திறந்து ஒரு நாள் வெயிலை மட்டும் தனியே வரைந்து பார்த்தார். சூரியன் நள்ளிரவு 12.30க்கு உதித்துப் பகல் 12.45க்கு மறைந்தது.

இறக்கிய தரவு உலகப் பொது நேரத்தில் இருந்தது. இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னே. ஆலையின் சுமையும் கட்டணப் பிரிவும் இலங்கை நேரத்தில், வெயில் மட்டும் கிரீனிச் நேரத்தில். ஆண்டு மொத்தத்தைப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது, 1400 யூனிட் அப்படியேதான் இருக்கும். நாங்கள் சரிபார்த்தது அந்த மொத்தத்தை மட்டும்.

மாதிரி ஏன் பற்றரி கேட்டது என்பதும் அப்போது விளங்கியது. அதன் கண்ணில் வெயில் மலிவு நேரத்திலேயே பாதி வீணாகிறது, மத்தியானத்தோடு இருட்டிவிடுகிறது, உச்ச விலை தொடங்க இன்னும் ஆறு மணி நேரம் கிடக்கிறது. அந்த இடைவெளியைப் பற்றரியைத் தவிர வேறெதைக் கொண்டு நிரப்புவது?

பிழை விடுவது பெரிய விடயமில்லை, நேரவலயப் பிழை இந்தத் துறையில் அடிக்கடி நடப்பதுதான். என்னை உறுத்தியது வேறு. அனுபவமுள்ள ஒருவர் சரியான இடத்தில் விரல் வைத்துக் கேட்டார். என்னிடம் ஒரு நம்பத்தகுந்த பொய்க்காரணம் இருந்தபடியால் அந்தக் கேள்வியை மூடிவிட்டேன். கோப்பு பூட்டியிருந்தால் அது அப்படியே மூடிக் கிடந்திருக்கும்.

மறுபடி ஓட்டியபோது

நேரத்தைத் திருத்தியதோடு நிற்காமல் வேறு இரண்டையும் மாற்றினோம். முதலாவதாக, மாதிரியில் கொம்பிரசர் எந்த அளவிலும் ஓடலாம் என்று விட்டிருந்தோம், பத்து சதவீதத்திலும் ஓடும். உண்மையில் அது ஓடினால் ஓடும், நின்றால் நிற்கும். அந்த ஆம்-இல்லை நிபந்தனையைச் சேர்த்ததும் கணக்கு பாரமாகி, ஆண்டை ஒரேயடியாகத் தீர்க்க முடியவில்லை. வாரம் வாரமாக வெட்டி ஓட்டினோம். அதில் இன்னொரு நன்மை கிடைத்தது. ஆண்டு முழுவதையும் ஒன்றாகக் கொடுத்தால் மாதிரிக்கு வருகிற கார்த்திகை மழையும் சித்திரையிலேயே தெரியும். எந்த இயக்குநருக்கும் அந்த ஞானதிருஷ்டி கிடையாது. இரண்டாவதாக, ஒரே ஆண்டு வெயிலுக்குப் பதில் ஐந்து ஆண்டுகளைக் கொடுத்தோம்.

இப்போது முடிவு தலைகீழ். பற்றரியின் அளவு பூச்சியம். காலை முதல் வெயிலில் தொட்டியை நன்றாகக் குளிரவைத்து, மாலை 6.30க்கு உச்ச விலை தொடங்கும்போது மெசினை நிறுத்தி, மூன்று மணி நேரம் தொட்டியின் குளிரிலேயே ஓட்டிவிடலாம் என்றது. மூன்று மணி என்பது கொப்பி சொன்ன எல்லைக்குள்தான். பனல் 85 கிலோவாட் கேட்டது.

எடுத்த முடிவு

2024 பங்குனிக் கூட்டத்தில் பொருளாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கட்டணம் பாதியாக இறங்கினால்? நாங்கள் 2023 பெப்ரவரி விலையே இருபது ஆண்டும் நீடிக்கும் என்று வைத்திருந்தோம். அவர் முன்னாலேயே பாதி விலையைப் போட்டு ஓட்டினோம். விற்பனையாளரின் 100 கிலோவாட்டும் பற்றரியும் கடனைக் கட்ட முடியாமல் விழுந்தது. 85 தடுமாறியது. 60 கிலோவாட் பற்றரியில்லாமல் தப்பியது, கடன் முடிய நாள்தான் கூடியது.

ஆலைக் கூரையும் வலை தைக்கும் மண்டபத்தின் கூரையும் சேர்ந்தாலும் 60க்கு மேல் இடமில்லை என்பதால் விவாதம் சுலபமாக முடிந்தது. 60 கிலோவாட், பற்றரி இல்லை, உபரியை மின்வலையமைப்புக்கு விற்கும் முறை என்று தீர்மானமானது. உறைந்த பாரைக் கூடுதலாக அடுக்கி வைக்கக் களஞ்சிய அறைக்குப் புதிய காப்புச் சுவரும் சேர்த்தார்கள். பற்றரியோடு ஒப்பிட அது அற்பச் செலவு.

நிறுவிய பின்

2024 ஓகஸ்டில் பனல்கள் ஓடத் தொடங்கின. முதல் ஆண்டில் வெளியிலிருந்து வாங்கும் யூனிட் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. மாதிரி சொன்னதை விடச் சற்றே குறைவு. உப்புக் காற்றும் பறவை எச்சமும் ஒரு காரணம். ஞாயிறு நடுப்பகலில் ஊர் முழுக்க வலையமைப்புக்குத் தள்ளும்போது மின்னழுத்தம் ஏறி, பனலின் மின்சாரத்தை வலையமைப்புக்கு ஏற்றபடி மாற்றும் எங்கள் இன்வேட்டர் தானாக நின்றுவிடுவது இன்னொரு காரணம்.

கரண்ட் பில் மட்டும் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. கேவீஏ கட்டணம் அசையவே இல்லை. மாதத்தில் மேகம் மூடிய ஒரு மணி நேரம் போதும், உச்சம் பழைய இடத்தைத் தொட்டுவிடும். அதோடு பனல் கொடுப்பது பயன்படும் மின்சாரம் மட்டும். மோட்டர் தன் காந்தப்புலத்துக்குக் கேட்கும், வேலை செய்யாத எதிர்வினை மின்சாரம் முழுக்க வலையமைப்பிலிருந்தே வர, மின்காரணி (இழுக்கும் மொத்தத்தில் பயன்படும் பங்கு) முன்பை விட மோசமாகத் தெரிந்தது. எங்கள் மாதிரியில் கிலோவாட் மட்டும் உண்டு, கேவீஏ என்ற பேச்சே இல்லை. 2025 தையில், எதிர்வினை மின்சாரத்தை ஆலைக்குள்ளேயே கொடுக்கும் கப்பாசிற்றர் பெட்டி ஒன்றைப் பூட்டிய பிறகே அந்த வரி குறைந்தது. இந்தச் செலவைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

2025 பெப்ரவரி 9 முற்பகலில் நாடு முழுவதும் கரண்ட் போனது. ஞாயிறு என்பதால் ஆலை எப்படியும் மூடியிருந்தது. அடுத்த நாட்களில் சுழற்சி முறை மின்வெட்டு வந்தபோதுதான் கேள்வி எழுந்தது. கூரை நிறையப் பனல், பகல் வெயில், ஏன் மெசின் ஓடவில்லை? வலையமைப்பில் கரண்ட் இல்லாவிட்டால் இந்த வகை இன்வேட்டரும் நின்றுவிடும், கம்பியில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பற்றரி வேண்டாம் என்று எடுத்த முடிவின் இந்தப் பக்கத்தை நாங்கள் கூட்டத்தில் ஒரு வசனத்தில் சொன்னோம். உறுப்பினர் மனதில் அது பதியவில்லை. சிலர் இன்னமும் ஏமாற்றப்பட்டதாகவே நினைக்கிறார்கள். தொட்டி மூன்று மணி நேரம் தாங்கியதால் அந்த வாரம் பார் எதுவும் கெடவில்லை என்பது எங்கள் தரப்பு ஆறுதல்.

அதே ஆண்டு ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையில் நாட்டின் மின்தேவை விழுந்தபோது, 13 முதல் 21 வரை தினமும் பிற்பகல் 3 மணி வரை கூரைச் சூரிய மின்னை நிறுத்தும்படி கேட்டார்கள். பெரிய வெள்ளியும் உயிர்த்த ஞாயிறும் அந்த நாட்களுக்குள்ளேயே வந்தன, பாதி நாள் ஆலை மூடல்தான். ஆனால் ஓடிய நாட்களிலும் சங்கம் பனலை முழுதாக நிறுத்திவிட்டு வலையமைப்பிலிருந்து கரண்ட் வாங்கியது. வெளியே தள்ளாமல் உள்ளுக்கு மட்டும் பாவிக்கும்படி இன்வேட்டரை அமைக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

கட்டணமும் பொருளாளர் பயந்த திசையிலேயே போனது. 2024 மார்ச், 2024 ஜூலை, 2025 ஜனவரி என மூன்று தடவை ஒவ்வொன்றும் இருபது சதவீதம் அளவில் இறங்கி, 2025 ஜூனில் 15 சதவீதம் ஏறியது. கடன் தவணை இதுவரை தவறவில்லை. 100 கிலோவாட்டுக்கும் பற்றரிக்கும் கடன் எடுத்திருந்தால் நிலைமை என்னவென்று பொருளாளர் எங்களை ஒரு தடவை கணக்குப் போட வைத்தார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இன்று செய்தால் மாற்றுபவை

எந்தத் தரவையும் மாதிரிக்குள் விடுமுன் ஒரு நாளை மட்டும் வரைந்து, ஆலையில் வேலை செய்பவரிடம் காட்டுவோம். காலை எது, மாலை எது என்று அவர் சொல்லட்டும். காரணத்தை நாங்கள் முந்திக்கொண்டு சொல்லமாட்டோம்.

மாத உச்ச கேவீஏ கட்டணத்தை முதல் நாளே எழுதுவோம். பைப்சாவில் அதற்கு மேலதிக நிபந்தனை ஒன்றைக் கையால் சேர்க்க வேண்டும், முடியாத வேலை இல்லை. எதிர்வினை மின்சாரத்தை எங்களுடையது போன்ற நேர்கோட்டுச் சமன்பாட்டு மாதிரியில் ஏற்றுவது கஷ்டம். அதற்குப் பழைய முறைப்படி தாளில் தனிக் கணக்கு போதும்.

மின்வெட்டு நேரத்தில் என்ன ஓடும், என்ன ஓடாது என்பதை உறுப்பினர் கூட்டத்தில் பிரதான சுவிட்சை நிறுத்திக் காட்டுவோம், வாயால் சொல்வதோடு விடமாட்டோம். பற்றரி பற்றிய முடிவையும் அதற்குப் பிறகே கேட்போம். மாதிரி சொன்ன பூச்சியம் பணக் கணக்கில் வந்த பூச்சியம். ஊர் விரும்பியது வேறாக இருந்திருக்கலாம்.

கோப்புகள் எல்லாம் தமிழ்க் குறிப்போடு சங்கத்தின் கணினியில் இருக்கின்றன. தங்கச்சி படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டார். அடுத்த ஊர்ச் சங்கம் ஒன்று அதே மாதிரியை எடுத்துத் தங்கள் குளிரறைக்குப் போட்டுப் பார்க்கிறது. அவர்களிடம் கொப்பி இல்லை. அதனால் முதல் ஆறு மாதம் எழுதிவிட்டு வரச் சொல்லியிருக்கிறோம்.